மலையேறி வந்த காம்பரா

மொட்டைக்கல் தேயிலைத் தோட்டத்து வீரய்யா கங்காணி பேர் சொல்லிக் கூப்பிட்டால், எதுவாக இருந்தாலும் வந்து நிற்கும். இது ஊருக்குத் தெரியவந்தது 1948இல். இலங்கை சுதந்திரம் அடைந்த வருடம் அது. தோட்டத்துச் சனங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்று கொழும்பில் பேச்சு நடந்து, எந்த நாட்டுக்காரர்களும் இல்லை என்று முடிவானதும் அதே வருடம்தான். ஒருநாள் விடியற்காலைப் பெரட்டில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்துக்கொண்டிருந்த வீரய்யா, பழக்கதோஷத்தில் முதல் நாள் செத்துப்போன மாரிமுத்துவின் பேரையும் கூப்பிட்டுவிட்டார். மாரிமுத்து பாடையிலிருந்து எழுந்து, நெற்றியில் ஒட்டிய காசோடு வந்து வரிசையில் நின்றார். தோட்டத்தை நடத்துகிற துரை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வேலை செய்கிற நிலையில் இல்லாத ஆளுக்குப் பேர் போட முடியாது என்று திருப்பி அனுப்பினார். மாரிமுத்து மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் அடக்கம் நடந்தது.

அதற்குப் பிறகு தொலைந்த மாடுகளைத் தேடி யாரும் காடு மேடெல்லாம் அலையவில்லை. கூட்டுக்கு வராத கோழி, கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய துரை வீட்டு நாய், எல்லாவற்றுக்கும் வீரய்யா ஒரு குரல் கொடுத்தால் போதும். லுணுகலை பஸ் நிற்காமல் போனாலும் அப்படித்தான். நம்பரைச் சொல்லிக் கூப்பிடுவார், வளைவு தாண்டிப் போன பஸ் பின்பக்கமாகவே வந்து சேரும். டிரைவர் வாய்க்கு வந்தபடி திட்டுவார், ஆனால் பஸ் வந்துவிடும். அந்தக் குரலுக்குக் குறை என்று ஒன்றுதான். அதற்குக் கூப்பிட மட்டும்தான் தெரியும். நில் என்றும் போ என்றும் சொன்னால் பூனைக்குட்டி கூட மதிக்காது.

தோட்டம் முழுக்க அந்தக் குரலுக்கு வராத ஒரே ஆள், அவர் பெற்ற மகள் ரெங்கம்மா. அதற்குக் காரணம் கணபதி. 1954இல் அந்த இளந்தாரி தோட்டத்தில் தொழிற்சங்கம் சேர்த்தான். துரை முகத்தைத் தூக்கினார், வீரய்யா கணபதியின் பேரை வெட்டினார். பேர் வெட்டின ஆளுக்குத் தோட்டத்தில் வேலையும் இல்லை, தலைசாய்க்க லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறைக் காம்பராவும் இல்லை. கணபதி லுணுகலைக்குப் போய் வாஹித் முதலாளி கடையில் மூட்டை தூக்கினான். ரெங்கம்மா நேரே போய் அவனையே கட்டிக்கொண்டு, வேறொரு கங்காணியிடம் பேர் பதிந்து, ஆற்றங்கரையில் இருந்த கீழ் லயத்தில் ஒரு காம்பரா வாங்கிப் புருஷனைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். வீரய்யா மாரியம்மன் கோயிலில் உள்ளங்கையில் சூடம் ஏற்றி, இனி அவன் பேர் என் வாயில் வந்தால் என் குரல் என்னை விட்டுப் போகட்டும் என்று சத்தியம் செய்தார். செய்துவிட்டாரே ஒழிய, அன்றிலிருந்து பொழுது சாயும்போதெல்லாம் மேல் லயத்து முற்றத்தில் நின்று ரெங்கம்மாவைக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. கூப்பிடுகிற நேரத்தில் அவள் கதவு நிலையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவர் மனைவி அங்கம்மா பார்த்துவிட்டு வந்து சொன்னாள். யார் பிள்ளை, பிடிவாதத்துக்குக் கேட்கவா வேண்டும். அவர் மனசுக்குள் பெருமைப்பட்டார், பிறகு தின்னும் சோறு இறங்காமல் படுத்தார்.

1957 மார்கழியில் மழை பிடித்தது. முதலில் மழைபோலத்தான் பெய்தது. பிறகு ஊற்றத் தொடங்கியது. மேட்டில் இருந்த ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் இலை காய்ச்சுகிற பொறுப்பில் இருந்த டீமேக்கர் தர்மராசா யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் ரேடியோ வைத்திருந்த இரண்டு பேரில் ஒருவர். மற்றவர் துரை. அவர் பதுளைக்குப் போன இடத்தில் ரோட்டில் மண் சரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டார். மத்தியானம் தர்மராசா குடை பிடித்தும் நனைந்தபடி மேல் லயத்துக்கு ஓடிவந்தார்.

“கங்காணி, ரேடியோவில சொல்லிப்போட்டாங்கள். இன்னும் பெரிய மழையும் காத்தும் வருதாம். ஆத்தங்கரை ஆக்களை உடனே ஸ்டோருக்கு ஏத்துங்கோ.”

“தொரை சொல்லாம எறங்க மாட்டாங்களே ஐயா.”

“துரை வரேக்க ஆக்கள் உயிரோட இருக்க வேணுமே.”

வீரய்யா சொன்னதில் தப்பில்லை. லயத்துச் சனங்கள் வெள்ளத்துக்குப் பயந்தவர்கள்தான். ஆனால் காம்பராவை விட்டு இறங்குவதற்கு அதைவிடப் பயந்தார்கள். உத்தரவு இல்லாமல் வெளியே போனால், திரும்பி வரும்போது தங்கள் அடுப்பில் வேறு யாருடைய பானையோ கொதிக்கும் என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். நாடே இல்லை என்று சொல்லப்பட்டவர்களுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி ஒன்று இருந்தது. அதை ஆறு கொண்டுபோனாலும் கூடவே போகிறோம் என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வீரய்யா ஸ்டோர் வாசலில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். கதவுகள் திறந்தன. பானையோடும் ஆட்டுக்குட்டியோடும் சாமிப் படத்தோடும், வைதுகொண்டே, எல்லோரும் ஏறி வந்தார்கள். தேயிலைக் கொழுந்து வாட்டுகிற ஸ்டோர் மாடி ஆளும் கோழியுமாக நிறைந்தது.

ரெங்கம்மா வரவில்லை. அவளுக்கு அது நிறைமாதம். வீரய்யா தொண்டை கிழியக் கூப்பிட்டார், அம்மா என்று கூப்பிட்டார், சின்னப் பிள்ளையில் கூப்பிடுகிற செல்லப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு லயத்துப் படியைத் தொட்டது. நேரில் போனால் தாழ்ப்பாள் போடுவாள் என்று அவருக்குத் தெரியும். மகளைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு இந்தக் குரலை வைத்து மாடு தேடவா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. அப்போதுதான் அந்த யோசனையும் வந்தது. கையை வாயருகே குவித்துக்கொண்டு கத்தினார்.

“கீழ் லயத்துப் பதினோராம் நம்பர் காம்பரா!”

பதினோராம் நம்பர் ஒருமுறை குலுங்கியது. பக்கத்துச் சுவர்களை விட்டுப் பிரிந்து, தகரக் கூரையும் முன்னால் இருந்த இஸ்தோப்புத் திண்ணையுமாக எழுந்து, தேயிலை வரிசைகளுக்கு நடுவே மலையேறத் தொடங்கியது. ஒரு செடியையும் மிதிக்கவில்லை. வளைவு முடக்கில் மட்டும் கொஞ்ச நேரம் நின்று மூச்சு வாங்கியதாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறகு வந்து ஸ்டோருக்குப் பக்கத்தில் இருந்த வெறும் நிலத்தில் உட்கார்ந்தது. உள்ளே அடுப்பு அணையவில்லை. இஸ்தோப்பு மூலையில் அடைகிடந்த கோழி முட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அங்கம்மா உள்ளே ஓடினாள். ரெங்கம்மாவுக்கு வலி கண்டிருந்தது. ஆனாலும் அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து நின்று, அப்பாவைப் பார்த்தாள். மூன்று வருடத்தில் அவரோடு அவள் பேசிய முதல் பேச்சு அது.

“காம்பராவக் கூப்பிடத் தெரியுது. அந்த மனுசன் பேரு மட்டும் வாயில வராதா?”

அவள் ஆற்றைக் காட்டினாள். அக்கரையில் கணபதி நின்றான். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற சரக்கு வாங்கக் காலையில் லுணுகலைக்குப் போனவன், பாலம் பாதி போன பிறகு வந்து சேர்ந்திருந்தான். அவன் பார்த்துக்கொண்டிருந்தது கீழ் லயத்தை. வரிசையாக இருந்த காம்பராக்களின் நடுவே, பல் விழுந்த இடம்போல, அவனுடைய காம்பரா இருந்த இடம் மட்டும் காலியாகக் கிடந்தது.

“நான் ஆத்தோட போயிட்டேன்னு நெனச்சு எறங்குறாருப்பா. நீங்க காம்பராவத் தூக்குனதால வந்த வென. கூப்பிடுங்கப்பா!”

கணபதி தண்ணீரில் கால் வைத்துவிட்டான். ஸ்டோர் வாசலில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள், ஆற்றின் இரைச்சலில் அது பத்தடி கூடப் போகவில்லை. அக்கரை வரை போகக்கூடிய குரல் தோட்டத்தில் ஒன்றுதான் இருந்தது. மாரியம்மன் மேல் செய்த சத்தியம் சும்மா போகாது என்று வீரய்யாவுக்குத் தெரியும். குரல் போனால் அவர் கங்காணி இல்லை, பழைய கோட்டுப் போட்ட ஒரு கிழவன். இத்தனை வருடமும் சனம் வந்தது குரலுக்கா தனக்கா என்பது அன்றைக்குத்தான் அவருக்குச் சந்தேகமாகப் பட்டது. பயந்தார், நன்றாகவே பயந்தார். கணபதியின் இடுப்பு வரை தண்ணீர் ஏறியது. வீரய்யா கண்ணை மூடிக்கொண்டார்.

“கணபதீ!”

அதுபோல ஒரு குரலை அவர் அதற்கு முன் எடுத்ததில்லை. ஸ்டோர் கண்ணாடிகள் அதிர்ந்தன. ஆற்றுக்குள் இருந்த கணபதி படியேறுகிற மாதிரி ஒரு காலைத் தூக்கித் தண்ணீரின் மேல் வைத்தான், பிறகு மற்றக் காலையும் வைத்தான். மரங்கள் வேரோடு உருண்டு வந்தபோது நின்று வழிவிட்டு, பெரட்டுக்களத்துக்கு நடந்து வருகிறவன்போல இக்கரைக்கு வந்து, மலையேறி, வீரய்யாவின் முன்னால் நின்றான். இடுப்புக்குக் கீழேதான் நனைந்திருந்தான். சரக்குப் பொட்டலம் ஈரம் படாமல் இருந்தது.

“கூப்பிட்டீங்க மாமா. வந்துட்டேன்.”

வீரய்யா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. அவர் மருமகனின் தோளைப் பிடித்துக் காம்பராவுக்குள் தள்ளிவிட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்து அழுதார். பொழுது சாய்வதற்குள் கீழ் லயத்தை ஆறு கொண்டுபோனது. ஆள் ஒருவரும் போகவில்லை. பொழுது சாய்ந்தபின் ரெங்கம்மாவுக்குப் பெண் பிறந்தது.

அடுத்த சில நாட்களில் எல்ல, வெலிமடை என்கிற தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம், முன்பின் தெரியாத கணபதிகள் பலர் தோட்டத்துக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். ஒருவர் உருளைக்கிழங்கு தோண்டிய மண்வெட்டியோடே வந்திருந்தார். அங்கம்மா எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். வந்ததே வந்தோம் என்று அவர்கள் சரிந்த மண்ணை அள்ளி ரோட்டைத் திறந்துவிட்டுப் போனார்கள். அந்த ரோட்டில் திரும்பி வந்த துரை, ஸ்டோருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வெள்ளையடிக்கச் சொன்னார். பதினோராம் நம்பரை மாற்றத் தேவையில்லை என்றும் சொன்னார். புது லயத்தை அதன் இரண்டு பக்கமும் சேர்த்துக் கட்டினார்கள். 1962இல் பதுளையிலிருந்து வந்த ஓவர்சியர், நடுக் காம்பராவின் சுவர் மட்டும் ஏன் பழசாக இருக்கிறது என்று கேட்டார். அது கீழே இருந்து ஏறி வந்தது என்று சொன்னார்கள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த காம்பராவை அளக்கப் போனார். எங்கள் காம்பராக்களையும் அன்றைக்கு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அம்மியும் உரலும் மிஞ்சியிருக்குமே என்று கீழ் லயத்துப் பெண்கள் வீரய்யாவை வாழ்நாள் முழுக்கக் குறை சொன்னார்கள்.

வீரய்யாவின் குரல் தை பிறந்த பிறகு திரும்பி வந்தது, ஆனால் பழைய குரல் இல்லை. கரகரவென்று இரண்டாவது வரிசைக்கே எட்டாத ஒன்று. அதற்கு ஒரு கோழிக்குஞ்சு கூட வராது. முதல் நாள் பெரட்டுக்கு அவர் கூசிக்கொண்டேதான் போனார். மாரிமுத்துவின் மகன் வந்திருந்தான். மேல் லயம் வந்திருந்தது. ஒதுங்க இடமில்லாமல் ஸ்டோர் மாடியில் படுத்துக்கிடந்த கீழ் லயமும் வந்திருந்தது. கூப்பிடாமலே வந்தவர்களை அவர் ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். கணபதியின் பேரையும் அதன் பழைய இடத்தில் வைத்துக் கூப்பிட்டார். வெள்ளத்துக்குப் பிறகு வேலையாள் போதாமல் இருந்ததால் துரையும் காது கேளாதவர்போல நின்றார்.

மாசியில், பிள்ளை பெற்ற தீட்டுக் கழிந்து உடம்பு தேறிய பிறகு, மற்றக் கங்காணியின் வரிசையை விட்டு வந்து வீரய்யாவின் வரிசையின் கடைசியில் ஒரு கொழுந்துக் கூடை தெரிந்தது. வீரய்யா தொண்டையைச் செருமிக்கொண்டார். வந்தது பாதிக் குரல்தான்.

“ரெங்கம்மா.”

பிடித்துக்கொள்ள அங்கே கதவு நிலை இல்லை, அதற்குத் தேவையும் இல்லை. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் எல்லோரும் நம்பியிருப்பார்கள்.

“இருக்கேன்பா,” என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, அவள் முன்வரிசைக்கு வந்து நின்றாள்.