பதினொரு வரிகள்

கிருபாசங்கர் ஐந்தரைக்கு எழுந்தான். பால் காய்ச்சினான். மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பினான். பூஜைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பொரியைத் தின்றான். எட்டரைக்குக் கணபதி ஏரியாவில் இருக்கும் தன் பம்ப் பட்டறையைத் திறந்தான். மனைவி ஹரிதா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அன்று விஜயதசமி. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு லேத், டிரில்லிங் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தபோது லேப்டாப்புக்கும் வைத்தார்கள். அதில் ஓடும் நிரல் ஹரிதா எழுதியது. அது திரையில் திறந்திருக்கும்போதே பூ வைக்க வேண்டுமென்று ஆட்கள் ஆசைப்பட்டார்கள். சூடம் காட்டி முடித்த நேரத்தில் திரையின் மூலையில் ஓர் அறிவிப்பு வந்தது: புதிய சிஸ்டம் தயார், இப்போதா, பிறகா? பிறகு என்று ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும். ஆனால் பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை தொடுவதில்லை. கிருபாசங்கர் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பூட்டிய பட்டறையில், தலையில் அரளிப்பூவோடு, லேப்டாப் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.

இப்போது நிரல் திறக்கவில்லை. பம்ப் எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று மீட்டரிலிருந்து படித்துச் சோதனைச் சான்று அச்சடிக்கும் நிரல் அது. வால்வைத் திறக்காமல் மோட்டாரைப் போட்டால், “வால்வத் தொறக்காம என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க?” என்று திரையில் எழுத்து வரும். வீட்டில் அவள் கேட்கிற மாதிரியே இருக்கும். ஆட்கள் சிரிப்பார்கள். அதற்காகவே சில நாள் அவன் வால்வை மூடி வைத்து மோட்டாரைப் போட்டதுண்டு.

உக்கடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தாரிக் பத்து மணிக்கு வந்தான். கல்லூரியில் கூடப் படித்தவன். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு, நிரலில் தப்பில்லை என்றான். மீட்டரோடு பேச, அது வேறு யாரோ எழுதிய, லைப்ரரி என்கிற ஆயத்த நிரல்தொகுப்பு ஒன்றை நம்பியிருந்தது. அதன் பழைய பதிப்பு புதிய சிஸ்டத்தில் ஏறவில்லை. புதிய பதிப்பிலோ பாதிக் கட்டளைகளின் பெயரே வேறு. பழைய சிஸ்டத்துக்குத் திரும்பிப் போகவும் முயன்று பார்த்தான். பாதியில் நின்றது. இனி ஹரிதாவின் வரிகளில் பதினொன்றை மாற்றி எழுத வேண்டும், இல்லையென்றால் ரெடிமேட் மென்பொருள் வாங்கிப் போட வேண்டும் என்றான்.

ரெடிமேடையே போடு என்றான் கிருபாசங்கர்.

“தங்கச்சி எழுதுனதுடா. தூக்கிப் போட்டுரலாங்கறியா?”

“போடல. அப்படியே வெச்சுக்கறேன். மாத்துனா அப்பறம் அது அவ எழுதுனது இல்ல.”

“ஓடாததை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ மாப்ள? ஃபிரேம் போட்டு மாட்டுவியா?”

தாரிக்குக்கே அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியிருக்க வேண்டும். பழைய நிரலை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, நண்பனின் சட்டைப்பையில் போட்டான். நாற்காலியை விட்டு எழுந்து, நான் சொல்லச் சொல்ல நீயே டைப் அடி என்றான்.

முதல் வரிக்குப் பக்கத்தில் ஆங்கில எழுத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு எழுதியிருந்தாள். எடுத்தவுடனே கேள்வி கேட்டால் மீட்டருக்குக் கோபம் வரும், இரண்டு விநாடி பொறுத்துக் கேட்கவும். கிருபாசங்கர் குறிப்பை அப்படியே விட்டுக் கட்டளையை மட்டும் மாற்றினான். ஒற்றை விரலால், எழுத்தெழுத்தாக. ஒவ்வொரு எழுத்துக்கும் நிமிர்ந்து அவள் வரியைப் பார்த்துக்கொண்டான். ஐந்தாம் வரிக்கு வருவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிட்டது. மீதியை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு தாரிக் டீக்குப் போனான்.

அவன் திரும்பி வந்தபோது பதினோராம் வரி முடிந்திருந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மீட்டரின் எண்கள் ஏறின. கிருபாசங்கரின் பத்து விரலும் கீபோர்டின்மேல் இருந்தன.

கடைசியாக அவள் என்ன சொன்னாள் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோதெல்லாம், ஒன்றும் சொல்லவில்லை என்றே சொல்லி வந்தான். சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில், ஊசி ஏற்றி வீங்கியிருந்த அவள் கையின்மேல் அவன் ஒரே ஒரு விரலை வைத்தபோது, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“இப்படிப் பயந்து பயந்து தொடாதீங்க. கூசுதுங்க.”