நிற்கும் தூரம்

கியாப்போ கடைத்தெருவின் அந்தப் பழைய கேமராக் கடையில் அப்போது இருந்தவர்கள்: கடைக்காரி நெனிதா, வாங்கப்போகாத ஒரு லென்ஸை வெகுநேரமாகத் துடைத்துக்கொண்டிருந்த கல்யாணப் படக்காரன் போங், காலிப் பெட்டிகளின் மேல் தூங்கிய பூனை, இரவு வேலை முடிந்து நேராக வந்து நின்ற டெல்ஃபின். கால் சென்டரில் விடிய விடிய யாரோ அமெரிக்கர்களின் கிரெடிட் கார்டுக் கோபத்தைக் காதில் வாங்கியவன் அவன். பேசிப் பிழைக்கிறவன்தான். தனக்காக ஒரு வாக்கியம் பேசி நாளாகியிருந்தது.

கண்ணாடி மேசைமேல் இரண்டு கேமராக்கள். அவன் கையிலிருந்த பணத்துக்கு இரண்டில் ஒன்று வரும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் என்றால் கூடவே ஒரு குட்டை லென்ஸ்தான். சிறிய சென்சார் உள்ள கிராப் என்றால் விலை குறைவு, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் ஒரு நீள லென்ஸையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

"எதுக்குண்ணே எடுக்கப் போறீங்க?" என்றாள் நெனிதா.

"பொண்ணுக்குப் பள்ளிக்கூடத்துல பட்டமளிப்பு. மெடல் வாங்குறா."

"அப்ப ஃபுல் ஃப்ரேம்தான்." சொன்னவன் போங். அவனை யாரும் கேட்கவில்லை. "பள்ளிக்கூட ஜிம் ஹாலுக்குள்ள வெளிச்சமே இருக்காது. கிராப்புல எடுத்தா பொண்ணு மூஞ்சில மணல வாரி எறச்ச மாதிரி வரும்."

"நீ மொதல்ல அந்த லென்ஸ கீழ வை. தேஞ்சிடப் போவுது." அவள் டெல்ஃபின் பக்கம் திரும்பினாள். "அவன் கெடக்கான். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எவ்வளவு தூரத்துல நிப்பீங்க?"

டெல்ஃபின் நீள லென்ஸை எடுத்துப் புரட்டிப் பார்த்தான். விழாவுக்கு வீட்டுக்கு ரெண்டு பாஸ்தான் என்று மகள் மயுமி செய்தி அனுப்பியிருந்தாள். 'வருவீங்கல்லப்பா?' என்றும் கேட்டிருந்தாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு நிறுத்திக்கொண்டான். இரண்டாவது பாஸ் யாருக்கு என்று கேட்கவில்லை. ஒன்று அவள் அம்மா மெர்லிந்தாவுக்கு. மற்றது ஆர்னெலுக்காகத்தான் இருக்கும். மெர்லிந்தா டெல்ஃபினைப் பிரிந்து ஆர்னெலோடு வாழப்போனதிலிருந்து மயுமியைப் பள்ளியில் விட்டுக் கூட்டிவந்தவன் ஆர்னெல். காய்ச்சலென்றால் விழித்திருந்தவனும் அவனே. நியாயமாக அவனுடைய இடம் அது. கேட்டு, அந்தப் பிள்ளை வாயால் அதைச் சொல்லவைப்பானேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தான். உண்மையில் பயம்.

"பெத்தவங்கதானே மேடையேறி மெடல மாட்டிவிடுவாங்க?" நெனிதா விடவில்லை. "நீங்க மேடையில நிக்கிறதுன்னா உங்களுக்குக் கேமராவே வேணாம். வேற யாராச்சும்தான் எடுக்கணும்."

"நான் மேல பால்கனியில இருப்பேன்."

போங் துடைப்பதை நிறுத்தினான். நெனிதா ஃபுல் ஃப்ரேமை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"அப்ப கிராப்பே எடுத்துக்குங்க. இந்த லென்ஸ அதுல மாட்டினா ஒண்ணரை மடங்கு கிட்ட இழுத்த மாதிரி தெரியும். சுத்தி இருக்கிறத வெட்டிரும். மூஞ்சி மட்டும் நிக்கும்."

"அது போதும்."

விழா நாளிலும் அவன் வேலையிலிருந்து நேராகத்தான் வந்தான். கைபேசி வழியிலேயே உயிரை விட்டிருந்தது. முன்வாசலில் கூட்டம் சேர்வதற்குள் பின்பக்கப் படியேறி, பாஸ் கேட்காத பால்கனியில் ஓரமாக ஓர் இடம் பிடித்தான். தகரக் கூரை காய்ந்தது. கீழே நாற்காலிகள் நிறைந்தன. யார் தலை யாருடையது என்று தெரியவில்லை. அவன் தெரிந்துகொள்ள முயலவுமில்லை. விழா தொடங்கிய பிறகு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் மல்லிகை போன்ற சம்பகீதாப் பூமாலையுமாக ஒருவன் வந்து பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தான். ஆர்னெல்.

"நீங்க என்ன இங்க உக்காந்திருக்கீங்க?"

"வேற எங்க?"

"கீழ ரெண்டாவது வரிசையில உங்களுக்குச் சீட்டு போட்டிருக்கு." ஆர்னெல் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மயுமி எத்தனை தடவை உங்களுக்கு ஃபோன் அடிச்சா தெரியுமா? வாசல்லயே நின்னு மூஞ்சில பூசுனதெல்லாம் வேர்வையில போச்சு. ரெண்டு பாஸும் அம்மா அப்பாவுக்குத்தான்னு அன்னைக்கே சொல்லிட்டா. எனக்கும் வருத்தந்தான். யார்கிட்ட போய்ச் சொல்ல?"

டெல்ஃபினால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கேமராவைக் கண்ணுக்குக் கொடுத்தான். மேடைப் படிக்கருகே நின்ற வரிசையில் தேடி மயுமியைப் பிடித்தான். கடைக்காரி சொன்னது பொய்யில்லை. கை நீட்டினால் துடைத்துவிடலாம் போல மேலுதட்டில் வேர்வை. நெற்றியில் ஒட்டிய முடி. பக்கத்தில் நின்ற மெர்லிந்தாவின் தோள் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது. மயுமி இரண்டாவது வரிசையைப் பார்த்தாள். பிறகு வாசலை. மறுபடி வரிசையை. ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. அப்பா மேலே இருப்பார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. விரல் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை.

"அவளுக்கு முன்னால இன்னும் அஞ்சாறு பேர் நிக்கிறாங்க," என்றான் ஆர்னெல். "போங்க."

"பாஸ் இல்லையே."

"மெர்லிந்தா கையில இருக்கு. வாசல்ல கெஞ்சுங்க, கால்ல விழுங்க, என்னவோ செய்யுங்க. கேமராவ இப்படிக் குடுங்க. எத அமுக்கணும்?"

டெல்ஃபின் காட்டினான். வாரைக் கழுத்திலிருந்து கழற்றும்போது காதில் சிக்கியது. ஆர்னெல்தான் எடுத்துவிட்டான்.

படியின் அடியில் காவலாளி கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"இங்கேருந்து கீழ ஹாலுக்கு உள்ள வழி கெடையாது சார். வெளிய போய்ச் சுத்திக்கிட்டு முன்வாசல்ல கேக்கணும். ஆரம்பிச்சப்புறம் அங்க விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. ஆனா இந்த வழியா திரும்ப விடமாட்டேன். நல்லா யோசிச்சுக்குங்க."

ஒலிபெருக்கி ஒரு பெயரை அழைத்தது. மயுமியின் பெயரில்லை. ஒரு தாயும் தகப்பனும் மேடையேறியிருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது.

"திறங்க," என்றான் டெல்ஃபின்.

வெயில் முகத்தில் அறைந்தது. சுவரை ஒட்டி அவன் ஓடத் தொடங்கியபோது, முதுகுக்குப் பின்னால் கதவை இழுத்துச் சாத்தி, காவலாளி உள்ளேயிருந்து பூட்டினான்.