விட்டுப்போன மூத்த மகள்

இறையியல் கல்லூரிக்கு முதல்வராக வந்த முதல் பெண் அவர். அதற்கு முன் முப்பது வருடம் அதே கல்லூரியில் கிறிஸ்தவ அறநெறி கற்பித்தவர். எதைக் கேட்டாலும் இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று நிறுத்துச் சொல்வதால், மாணவர்கள் மறைவில் அவரைத் தராசம்மா என்பார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

பொய்யைப் பற்றி அவர் எழுதிய பாடப்புத்தகம் நான்கு பதிப்பு கண்டது. போதகராகப் படிப்பவர்களோடு செவிலியர் கல்லூரிகளிலும் அதைப் படித்தார்கள். மூன்றாம் அத்தியாயத்துக்குத்தான் மவுசு அதிகம். நினைவு தப்பிப்போன அப்பாவை, ஒரே மகள் முதியோர் இல்லத்தில் சேர்க்கிறாள். வரமாட்டேன் என்று அடம்பிடிப்பவரிடம், அம்மா அங்கேதான் இருக்கிறாள், பார்த்துவிட்டு வரலாம் என்கிறாள். அம்மா செத்து ஆறு வருடம். அப்பா நீலச் சட்டையைப் பித்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, சிரித்த முகமாக வண்டியில் ஏறுகிறார். மகள் செய்தது சரியா? புத்தகம் ஆறு பக்கம் அலசிவிட்டு, சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லும்.

அந்த மகள் அவருடைய சொந்தத் தங்கை. தொழிலையும் ஊரையும் மாற்றிவிட்டோம், யாருக்குத் தெரியப்போகிறது என்று முதல்வர் நிம்மதியாக இருந்துவிட்டார். சட்டையை மட்டும் மாற்றவில்லை.

செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த தங்கை மகளின் வகுப்புக்கு அந்த அத்தியாயம் வந்தது. நாற்பது பேரில் முக்கால்வாசிப் பேர், கல்லெறியாத குறையாக கதையில் வரும் அந்த மகளைத் திட்டினார்கள். தாத்தாவின் நீலச் சட்டைக் கதையைக் கேட்டு வளர்ந்தவளுக்கு அது தன் அம்மா என்று புரிந்துவிட்டது. விடுமுறைக்கு வந்ததும் புத்தகத்தை விரித்து அம்மா முன்னால் வைத்தாள்.

மறுநாள் தங்கை மருந்துக்கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே முதல்வர் அறைக்கு வந்தாள். பார்வையாளர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கொண்டுவந்து வைத்த தேநீரைத் தொடவில்லை.

"நான் என் அக்காகிட்டதான் சொன்னேன். புத்தகத்துக்குச் சொல்லல."

அடையாளமெல்லாம் மாற்றித்தானே எழுதினேன் என்று முதல்வர் ஆரம்பித்தார். பாதியில் அவருக்கே அது நொண்டிச் சாக்காகப் பட்டது.

"மாத்தினே, சரி. அந்தப் பொண்ணுக்கு ஒரு அக்கா இருந்தாளே, அவ எங்க போனா?"

அப்பாவுக்கு நினைவு தப்பிய காலத்தில் முதல்வர் கல்லூரியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, கடல் கடந்து முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். கைக்குழந்தையோடும் அப்பாவோடும் தங்கை ஒற்றை ஆளாக அல்லாடினாள். மூன்று மாதம் வந்து இரு அக்கா என்று கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். கடைசிக் கடிதத்துக்கு முதல்வர் பதில்கூடப் போடவில்லை. ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் பாக்கி இருந்தது. பிற்பாடு புத்தகம் எழுதும்போது 'ஒரே மகள்' என்ற இரண்டு சொற்கள் எவ்வளவு சுலபமாகப் பேனாவில் இறங்கின என்று இப்போது நினைத்துப் பார்த்தார்.

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"என்னை அதுலேருந்து எடுத்துடு. நல்லவளாக்கி எழுதவும் வேண்டாம்." தங்கை எழுந்து போய்விட்டாள்.

அத்தியாயத்தை வெளிப்படையாகவே மாற்றப் போவதாகக் கல்லூரி ஆட்சிக்குழுத் தலைவரிடம் முதல்வர் சொன்னார். அவர் பழுத்த போதகர். அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டால் போயிற்று என்றார்.

"சும்மா கிடக்கிற சங்கை ஏம்மா ஊதிக் கெடுக்கறீங்க?"

"ஊதினது நான்தாங்க ஐயா. பதினஞ்சு வருஷமா ஊதிக்கிட்டிருக்கேன்."

புது அத்தியாயத்தில் அப்பா இல்லை, இல்லம் இல்லை, பொய் சொன்ன மகளும் இல்லை. அன்பு என்னும் அறத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஒரு மூத்த மகள் மட்டும் இருந்தாள். வீட்டுக்கு வா என்று மூன்று கடிதம் வருகிறது. மூன்றாவதற்கு அவள் பதில் எழுதவில்லை. அவள் செய்தது சரியா? அச்சுக்குக் கொடுக்குமுன் தங்கைக்கு அனுப்பினார். நீ வேண்டாம் என்றால் இதுவும் வேண்டாம் என்று மேலே ஒரு வரி எழுதியிருந்தார். பத்து நாள் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. ஒரே ஓர் இடத்தில் பென்சில் பட்டிருந்தது. மூன்றை அடித்துவிட்டு, நான்கு என்று போட்டிருந்தாள்.

நான்காவது கடிதம் அவர் நினைவிலேயே இல்லை. திருத்திக்கொண்டார்.

பழைய புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்த கல்லூரிகள் பதினொன்று. பழைய அத்தியாயத்தை நிறுத்திவிட்டுப் புதியதை நடத்தச் சொல்லி எல்லாவற்றுக்கும் கைப்பட எழுதினார். ஏழு இடங்களிலிருந்து சம்மதம் வந்தது. மீதி நான்குக்கும் நேரில் போனார், பேருந்தில், முழங்கால் வலியோடு. மூன்று கல்லூரிகளில் தடையில்லை. நான்காவதில் பாடம் நடத்தும் ஆசிரியர் மசியவில்லை. நல்லா ஓடுற பாடத்தை ஏன் மாத்தணும் என்றார். அப்படியானால் புதுப் பாடத்தை ஒரு மணி நேரம் நானே நடத்துகிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள் என்று முதல்வர் வகுப்புக்குள் நுழைந்தார்.

பாடத்தைக் கேட்டுவிட்டு, பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். அந்தப் பெண்ணுக்கு நேரம் இல்லாமல் இல்லை, அன்பைப் பற்றி எழுதுவதே அன்பு செலுத்துவது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள், அதுவும் பொய்தான் என்றாள்.

"அந்தப் பொண்ணு நான்தான்," என்றார் முதல்வர்.

மாணவி முகம் வெளுத்து உட்காரப் போனாள்.

"உட்காராதீங்க. நீங்க இன்னும் முடிக்கலையே."

அவள் தயங்கித் தயங்கி முடித்தாள். முதல்வர் ஒரு வார்த்தை விடாமல் கரும்பலகையில் எழுதிக்கொண்டு, மற்றவர்கள் பக்கம் திரும்பி, இதற்கு மேலே சொல்ல யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். மணி அடித்தபின்னும் பேச்சு ஓயவில்லை. ஆசிரியர் தாமே பழைய பிரதிகளை அலமாரியிலிருந்து இறக்கினார்.

அன்று எழுந்து போனதிலிருந்து தங்கை அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பேருந்து நிறுத்தத்திலிருந்து முதல்வர் அவளுக்குப் போன் செய்து, நாலாவது காலேஜும் முடிஞ்சது என்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார்.

"அந்தப் பொண்ணு என்ன சொன்னா?" என்றாள் தங்கை. "ஒண்ணு விடாம சொல்லு."

இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு, முதல்வர் ஒன்று விடாமல் சொன்னார்.