பேட்டரி வண்டிக்கு வைத்த பொட்டு

"கரண்ட்ல ஓடுற வண்டிய வச்சிகினு லோடு அடிக்கப்போறேன்னு ஊரெல்லாம் சொன்னியே மாப்ளே, இப்ப இன்னா பண்ணுவே? திருமழிசை வரைக்கும் தள்ளிகினு போவியா?"

"மச்சான், காலங்காத்தால வாயக் கிளறாத. உன் வண்டி மழையில நடுரோட்டுல நின்னப்ப நான் வந்து நக்கல் பண்ணேனா?"

"என் வண்டி நின்னா பாடியில எந்த மெக்கானிக் கடையில உட்டாலும் பாப்பான். உன் வண்டி நின்னா யாரு பாப்பா? ஈபி ஆபீஸா?"

விஜயதசமிக்கு மறுநாள் காலை, அயனம்பாக்கம் ஏரிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பின் பால்கனிகளில் காபி டம்ளரோடு ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்ததுபோல் பாவனை. ஒரு தொட்டிக்கு அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் செடி அழுகிவிடும்.

அடுத்த வீட்டுச் சண்டையை மதிலோரம் நின்று கேட்டு, பொழுது சாய்வதற்குள் தெருமுனை வரை கொண்டு சேர்ப்பது அஞ்சலைக்குப் பழகிப்போன காரியம். அன்றைக்குச் சண்டை அவள் வாசலிலேயே. மல்லுக்கு நிற்கிறவர்களில் ஒருவன் கட்டிய புருஷன் மனோகரன், இன்னொருவன் கூடப்பிறந்த அண்ணன் எத்திராஜ். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் முகத்தில் முழிக்க முடியாது. அதனால் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு, பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

சண்டைக்குக் காரணமான வண்டி வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. சார்ஜர் சொருகிய இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. விடிய விடிய சொருகி வைத்தும் காலியாக இருந்த பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை.

மனோகரனும் எத்திராஜும் வெகுகாலமாக ஆளுக்கொரு டீசல் குட்டி யானை லோடு வண்டி ஓட்டியவர்கள். ஆடி முடிந்ததும் மனோகரன் தன்னுடையதை விற்றுவிட்டு, அதே அளவில் ஒரு மின்சார வண்டி எடுத்து வந்தான். அன்றிலிருந்து எத்திராஜுக்குத் தூக்கம் போயிற்று. ஃபுல் லோடு ஏற்றினால் கம்பெனிக்காரன் சொன்ன தூரத்தில் பாதிதான் போகும், மேம்பாலம் ஏறினால் சார்ஜ் முள் சரசரவென்று இறங்கும், ஓசூர் சவாரி வந்தால் கையை விரிக்க வேண்டியதுதான், வழியில் நின்றால் கம்பெனி ஆள் வரும்வரை ரோட்டோரம் உட்கார்ந்து காக்கா குருவி எண்ண வேண்டும் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவன் சொன்னதில் பாதிக்குமேல் உண்மை என்பது மனோகரனுக்கும் தெரியும். ஆனால் திருமழிசையில் ஏற்றி அம்பத்தூரில் இறக்கி, வீட்டுச் சுவரோரம் நிறுத்திச் சொருகுகிறவனுக்கு ஓசூரைப் பற்றி என்ன கவலை என்பது அவன் கட்சி.

அஞ்சலையின் கணக்கு இந்த இரண்டிலும் சேராது. டீசல் வண்டிச் சத்தத்தில் பேசிப் பேசி, மனோகரன் வீட்டுக்குள்ளும் கத்தித்தான் பேசுவான். உப்பு கொண்டு வா என்றால் அது பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். புது வண்டி வந்தபின் அவன் குரல் மெல்ல மெல்ல இறங்கிவிட்டது. முதுகு வலி என்று தைலம் தேய்க்கச் சொல்வதும் குறைந்தது. சட்டையில் டீசல் நாற்றம் இல்லை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் புருஷன் தன்னிடம் ரகசியம் பேசுவதுபோல் பேசிக் கேட்டது இப்போதுதான். அதற்காகவே அந்த வண்டியை அவள் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

நல்ல வேலை ஒன்றும் அந்த வண்டியால் வாசல்வரை வந்திருந்தது. திருமழிசையில் பிளாஸ்டிக் டிரே செய்யும் பட்டறை வைத்திருக்கும் சுவேதா மேடம், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு தினம் டிரே அனுப்புகிறவர். அந்தக் கம்பெனியின் குடோன் நாலு பக்கமும் மூடியது. புகை விடும் வண்டியை உள்ளே விடமாட்டார்கள். அதனால் பேட்டரி வண்டிதான் வேண்டும் என்றார் மேடம். இன்றைக்கு முதல் லோடு. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வேலை மனோகரனுக்கு. சேராவிட்டால் வேறு ஆள் ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறான்.

"பேட்டரி பூட்ச்சி மாப்ளே. அவ்ளோதான். நான் அப்பவே சொன்னேன்," என்றான் எத்திராஜ்.

மனோகரன் கம்பெனி மெக்கானிக்குக்கு போன் போட்டான். சரண் என்கிற அந்தப் பையன் பூந்தமல்லியில் ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் முடித்துவிட்டு வருவதாகவும் சொன்னான். சொருகும் இடத்தில் அடைப்பு ஏதாவது இருக்கிறதா, தொடாமல் எட்டிப் பாருங்கள் என்றும் சொன்னான்.

போனில் மனோகரன் திருப்பிச் சொன்ன அடைப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அஞ்சலையின் கையில் துடைப்பம் நின்றது.

ஆயுத பூசையன்று வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் பொறுப்பு. டீசல் வண்டி இருந்தவரை டேங்க் மூடிமேல் வருஷா வருஷம் பெரிய பொட்டாக ஒன்று வைப்பாள். வண்டிக்கு அதுதானே வாய். புது வண்டிக்கு டேங்க் இல்லை. வாய் எங்கே என்று தேடியவள், சார்ஜ் போடும் மூடியைத் திறந்தாள். உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒன்றை விட்டுவைத்தாலும் குறையாகிவிடும் என்று மோதிர விரலால் ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அழுத்தி, மேலே குங்குமமும் வைத்து, அழகு பார்த்து மூடினாள். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு என்று சார்ஜ் போடவும் விடவில்லை. மறுநாள் சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்த மனோகரன் பார்க்காமலேயே கைப்பழக்கத்தில் சொருகினான். இறுக்கமாக இருக்கிறதே என்று இன்னும் ஓங்கி அழுத்தினான்.

சொல்லாமல் விட்டால் மெக்கானிக் வந்து தெருவே கேட்கச் சொல்லிவிடுவான். அதைவிடத் தானே சொல்வது மேல் என்று அஞ்சலை வாயைத் திறந்தாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. இரண்டாம் தடவை சொன்னபோது எல்லாருக்கும் கேட்டது. முதலில் சிரித்தது எத்திராஜின் மகள் ஜோதிகா. அப்பனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பால்கனியிலும் யாரோ இருமினார்கள்.

எத்திராஜ் தங்கையை மேலும் கீழும் பார்த்தான். "பொட்டு மட்டும் வச்சி ஏன் உட்டே? ரெண்டு சுண்டலும் ஊட்டி உட்டிருக்க வேண்டியதுதானே."

மனோகரன் திட்டவில்லை. திட்டியிருந்தால் அஞ்சலைக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். வண்டியின் படியில் உட்கார்ந்து, "மேடத்துக்கு இன்னான்னு சொல்லுவேன்? பொண்டாட்டி பொட்டு வச்சான்னா?" என்று புது வழக்கப்படி மெதுவாகவே கேட்டான்.

எத்திராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தன் வண்டிப் பக்கம் நடந்தான். மேடத்தின் லோடை நான் போய் ஏற்றி இறக்கிவிட்டு வருகிறேன் என்றான்.

"வேணாம் மச்சான். நீ போனா லோடோட சேத்து என் மானத்தையும் எறக்கிட்டு வந்துருவே."

எத்திராஜ் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான். வண்டி ஒரு முறை இருமி, தெருவையே மறைக்கும் புகையை விட்டுவிட்டுப் போயிற்று.

அஞ்சலைக்குத் தெரியும், அண்ணன் கெட்டவன் இல்லை. ஆனால் கையில் ஒரு கதை கிடைத்தால் அவனால் சும்மா இருக்க முடியாது. அது அவர்கள் குடும்ப வியாதி, அவளுக்கும் உண்டு. இத்தனை வாரமாகப் பேட்டரி வண்டியை ஏசியவன், அந்த மேடத்தின் முன்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானா?

சரண் வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. கண்ணாடி போட்ட, பேசுவதற்கே கூச்சப்படுகிற பையன். மெயினை அணைக்கச் சொன்னான், சார்ஜரைப் பிடுங்கினான், குனிந்து பார்த்தான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். பிறகு, "இது யாருங்க வச்சது? ரொம்ப நீட்டா கீது," என்றான். ஜோதிகா மறுபடி சிரித்தாள். சரியாகத் தெரியவில்லை என்று அவன் சொன்னதும் செல்போன் விளக்கைப் பிடிக்கத் தானே முன்வந்தாள். சின்ன பிரஷ்ஷாலும் ஏதோ ஒரு மருந்தாலும் அவன் காய்ந்த சந்தனத்தைத் துகள் துகளாக எடுத்தான். அதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டான் என்பது அஞ்சலையின் அபிப்பிராயம். நடுவில் டீ வந்தது. டீக்கு இரண்டு தடவை சர்க்கரை வந்தது.

கடைசியில் சொருகினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, உள்ளே சந்தனம் இருந்ததால் வண்டிதான் பயந்துகொண்டு கரண்டை வாங்கவில்லை என்றான் சரண். அஞ்சலை அந்தப் பையனையும் பார்த்தாள், வண்டியையும் பார்த்தாள், இருவரையும் சேர்த்துத் திருஷ்டி கழித்தாள்.

அம்பத்தூர் வரைக்கும் போதுமான அளவு ஏறியதும் மனோகரன் கிளம்பினான். நானும் வருவேன் என்று அஞ்சலை ஏறி உட்கார்ந்துகொண்டாள். தப்பு தன்னுடையது என்று மேடத்திடம் தானே சொல்லிவிடுவதாக அவள் திட்டம். வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

கம்பெனி வாசலில் கேட்டுக்கு வெளியே எத்திராஜின் வண்டி நின்றது. டீசல் வண்டியை உள்ளே விடவில்லை. அதனால் அந்த மனுஷன், தொந்தியும் வேர்வையுமாக, அடுக்கடுக்காக டிரேயைத் தோளில் ஏற்றி குடோன்வரை நடந்து கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தான். மிச்சமிருந்தது கொஞ்சம்தான். அடுத்த அடுக்கைத் தூக்குவதற்கு முன் மூச்சு வாங்க நின்றவன், முதல் லோடு என்று நேரில் வந்து எதிரே நின்ற சுவேதா மேடத்திடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மனோகரன் வண்டியை அவன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான். சத்தமே இல்லாத வண்டி, எத்திராஜுக்குத் தெரியவில்லை.

"வண்டிய மட்டும் கொற சொல்லாதீங்க மேடம். வண்டி தங்கம். டீசல் வண்டி வச்சிகினு நானே சொல்றேனே. எங்க ஊட்டுப் பொண்ணு சாமி கும்புட்டதுதான் கொஞ்சம் ஓவராயிட்ச்சி. நாளைலேந்து என் மாப்ள டாண்ணு வந்து நிப்பான், பாருங்க."

அஞ்சலை வழியெல்லாம் தயார் செய்து வந்த பேச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

மேடத்தின் கண் போன திசையில் எத்திராஜும் திரும்பினான். "இன்னா நைனா, பேய் மாதிரி வந்து நிக்கற? ஆரன் அடிக்க மாட்டியா?"

மனோகரன் இறங்கி, அவன் தோளில் ஏறப்போன அடுக்கைத் தான் வாங்கிக்கொண்டான். "மச்சான், நீ சொன்னத கேட்டேன்."

"கேட்டியா? யாவாரத்துக்காகப் பேசறதுதான். ஓசூருக்குப் போகாத வண்டி எல்லாம் ஒரு வண்டியா?"

அஞ்சலைக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. அண்ணனுக்கு நன்றி சொல்வது அந்தக் குடும்பத்தில் யாரும் செய்து பார்க்காத காரியம். முந்தானையைச் சும்மாடாகச் சுற்றித் தலைமேல் வைத்து ஒரு அடுக்கை ஏற்றிக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். குடோனில் இறக்கி வைத்துவிட்டு, "ண்ணா, ராத்திரிக்கு ஊட்டுக்கு வா. கருவாட்டுக் கொழம்பு," என்றாள். அவன் சரி என்றான். நாளையிலிருந்து காலையில் வந்துவிடுங்கள் என்று மேடம் மனோகரனிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே அஞ்சலை எல்லாவற்றையும் தெருவில் சொல்லிவிட்டாள், சந்தனம் வைத்தது உட்பட. அவள் சொன்ன கதையில் எத்திராஜ் தன்னந்தனியாக ஒரு லாரி டிரேயைச் சுமந்தான்.

அதற்குப் பிறகு சரண் அந்தத் தெருவுக்கு அடிக்கடி வந்தான், வண்டியில் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும். காரணத்தை எத்திராஜ்தான் கடைசியாகக் கண்டுபிடித்தான். முதலில் கண்டுபிடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. வைகாசியில் திருவேற்காட்டுக் கோயிலில் வைத்து சரணுக்கும் ஜோதிகாவுக்கும் கல்யாணம் நடந்தது. இருவரும் வெள்ளானூரில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மகளைப் பார்க்க எத்திராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் வருகிறான், டீசல் வண்டியில்தான்.