படத்துக்குப் பின்னால் சிவப்பு

நேர்காணல் பிற்பகல் மூன்று மணிக்கு. காலையிலேயே மோடத்தில் சிவப்பு விளக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. டிஃபனி அதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தாள். அயர்லாந்து ஆஸ்பத்திரியில் தாதி வேலை என்றால் சும்மாவா? கூலிம் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டே பரீட்சை எழுதி, தோற்று, அழுது, மறுபடி எழுதி, இப்போதுதான் வீடியோவில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். கோட்டைவிட்டால் அடுத்து எப்போது கூப்பிடுவார்களோ, யாருக்குத் தெரியும்? பாடாங் மேஹாவில் அவர்கள் வீட்டைச் சுற்றி ஒரே செம்பனைத் தோட்டம். கைப்பேசியில் பேசலாம், அவ்வளவுதான். வீடியோ என்றால் படம் அப்படியே உறைந்து நிற்கும். அந்த மோடத்தை விட்டால் வேறு கதி இல்லை.

அப்பா ஆர்தர் பசியாறக்கூட இல்லை. மோடத்தை அணைத்தார், போட்டார், வயரைப் பிடுங்கினார், துடைத்துச் செருகினார். கடைசியில் அதன் மேல் சிலுவையும் போட்டுப் பார்த்தார். சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

"கம்பெனிக்குப் போன் போட்டு நல்லா ஏசிட்டேன் பாப்பா. ஆளு வந்துக்கிட்டே இருக்கான்லா."

"பேசாம பாடாங் செராய் டவுன்ல என் கூட்டாளி கேரன் வீட்டுக்குப் போயிடறேம்பா."

"இந்த மழை இருட்டுலயா? மோட்டார் சைக்கிள்லயா? வழுக்கி விழுந்து வைக்காத. இரு, லைன் வந்திரும்."

பாவம், மனிதர் நமக்காக எப்படிக் கிடந்து அல்லாடுகிறார் என்று டிஃபனிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அம்மா அக்னஸ் தவறிப்போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டே பேர். அண்ணன் ரோனால்ட் மெல்பர்னில் இருக்கிறான்; இருக்கிறான் என்பதோடு சரி.

மழை பிடித்துக்கொண்டது. மத்தியானமும் ஆனது. ஒரு ஈ, காக்கை வரவில்லை. பொறுக்க முடியாமல் டிஃபனி தானே லோகேஸ்வரனைக் கூப்பிட்டாள். கேரனோடு கோரஸ் பாடும் பெண்ணின் கணவன் அவன். இந்த வட்டாரத்துக்கே கம்பெனி லைனைப் பழுது பார்ப்பவன். மழைச் சட்டையோடு சொட்டச் சொட்ட வந்து நின்றவன், கையிலிருந்த பலகைக் கணினியைத் தட்டிப் பார்த்தான்.

"உங்க வீட்டு பேர்ல கம்ப்ளெயினே இல்லையே தங்கச்சி?"

"இவனுங்க சிஸ்டம் அப்படித்தான்!" என்று ஆர்தர் சத்தம் போட்டார். கொஞ்சம் அதிகமாகவே போட்டார்.

லோகேஸ்வரன் பேனா போல ஒன்றை எடுத்தான். மோடத்திலிருந்து கழற்றிய மெல்லிய வயரின் நுனியில் அதைப் பொருத்தினான். "இதுக்குள்ள சிவப்பு வெளிச்சம் ஓடும். வயரு எங்க அறுந்திருக்கோ அங்க கசியும். லைட்ட அணைங்க."

"வெளியதான் ஏதாச்சும் மரம் விழுந்திருக்கும். போய்ப் பாருப்பா" என்றார் ஆர்தர்.

டிஃபனி விளக்கை அணைத்தாள். மழைக்கால இருட்டில், சுவரில் மாட்டியிருந்த திரு இருதய ஆண்டவர் படத்தின் ஓரம் முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது.

"முருகா!" என்று லோகேஸ்வரன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு தன் தொழில் நினைவுக்கு வந்து படத்தை நோக்கிக் கை நீட்டினான்.

"படத்தத் தொடாத!"

அப்பா அப்படிக் கத்தி அவள் கேட்டதே இல்லை. அவளே போய்ப் படத்தை இறக்கினாள். பின்னால், சுவரில் துளை போட்டு வயர் உள்ளே வரும் இடம். வயர் வெட்டப்பட்டிருந்தது. இரண்டு முனைகளையும் யாரோ பதவிசாக மடித்துச் செருகியிருந்தார்கள்.

"எலி கடிச்சா பிஞ்சிருக்கும்" என்று லோகேஸ்வரன் மெதுவாகச் சொன்னான். "இது கட்டர்."

டிஃபனி கையிலிருந்த படத்தைப் பார்த்தாள். அந்தப் படத்தை அப்பாவைத் தவிர யாரும் தொடுவதில்லை. தினம் துடைத்து மெழுகுவர்த்தி ஏற்றுபவர் அவர்தான். அப்படியானால் காலையிலிருந்து நடந்ததெல்லாம்? ஏசியது, துடைத்தது, சிலுவை போட்டது?

"அப்பா?"

ஆர்தர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். மறுக்கவில்லை.

"ஏம்ப்பா? நான் எவ்ளோ பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா? பக்கத்துல உட்கார்ந்து காப்பி கலக்கிக் குடுத்தவரே நீங்கதானேப்பா!"

"உங்கம்மா பெட்டிய மூடறப்போ ரோனால்ட் எங்க இருந்தான்? போன்ல இருந்தான். நான்தான் அவனுக்குக் காட்ட போனைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கை வலிக்குதுன்னு நெனச்சேனே தவிர, அவ முகத்த சரியா பார்க்கல பாப்பா." அவர் சுவரில் படம் இருந்த இடத்தையே பார்த்தார். "என் பெட்டிய மூடறப்போ போனை யாரு புடிப்பா?"

டிஃபனி படத்தை மேசை மேல் வைத்தாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட இப்படி இருந்திருக்காது. கோபம் வந்த வழியிலேயே நின்றுவிட்டது, அழுகையும் வரவில்லை.

லோகேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டு வயரைச் சீவி ஒட்டினான். மோடத்தில் பச்சை வந்தது.

"என்ன காரணம்னு எழுதணும் தங்கச்சி. வெட்டுன்னு போட்டா கேள்வி வரும்."

"எலின்னு போடுங்கண்ணே."

ஆர்தர் மழையில் நனைந்தபடியே வெளியே போனார். ஜன்னல் வழியாகத் தெரிந்தார்; சட்டையெல்லாம் உடம்போடு ஒட்டியிருக்க, செம்பனை மரங்களைப் பார்த்து நின்றார்.

மூன்று மணிக்கு அழைப்பு வந்தது. வெள்ளை முடி அம்மாள் ஒருத்தி திரையில் பளிச்சென்று சிரித்தாள். படிப்பு, அனுபவம், ஷிப்டு என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் டிஃபனியின் வாய் தானாகவே பதில் சொன்னது. கடைசியாக, எப்போது கிளம்பி வர முடியும் என்று கேட்டாள்.

'உடனே' என்று சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்த பதில் அது.

"டிஃபனி? லைன் அறுந்துவிட்டதா? நான் பேசுவது கேட்கிறதா?"

மோடத்தில் பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. டிஃபனி ஜன்னல் பக்கம் திரும்பினாள்; அப்பா இன்னும் மழையிலேயே நின்றுகொண்டிருந்தார்.