மணிக்கூண்டு விரிசலில் ஒட்டிய கண்ணாடி

பெஹாலாவில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி இருந்தது செயின்ட் ஆல்பன்ஸ் ஆலயம். கம்பெனிக் காலத்தில் கப்பல்காரர்களுக்காக ஒரு குளத்தைத் தூர்த்துக் கட்டியது. உள்ளே சுவரெங்கும் சலவைக்கல் பலகைகள். இருபது, இருபத்திரண்டு வயதில் காய்ச்சலில் போன ஆங்கிலேயர்களின் பெயர்கள். மழைக்காலத்தில் அந்தக் குளம் தன் இடத்தைத் தேடி வருவதுபோல் தரையில் நீர் கசியும். மணிக்கூண்டில் விரிசல் கண்ட வருடமே மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

இருநூறாம் ஆண்டு விழா நெருங்கியபோது பாதிரியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. ஆனால் என் கணவர் வைத்தீஸ்வரன் ஹவுராவில் ரயில்வே பாலங்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். விழாவில் மணி அடிக்கலாமா என்பதை இவர்தான் சொல்ல வேண்டும் என்றார் பாதிரியார்.

இவர் பாலத்து வழக்கப்படியே செய்தார். மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை விரிசலுக்குக் குறுக்கே சாந்து வைத்து ஒட்டி, பக்கத்துச் சுவரில் தேதி எழுதினார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும்.

"ஒரு மழைக்காலம் தாங்கிடுத்துன்னா அடிக்கலாம்," என்றார்.

"தாங்கலைன்னா?" என்றேன்.

"கிட்டக்கவே யாரும் போகப்படாது. நானும் சேர்த்துத்தான்."

வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தார். கண்ணாடி முழுசாக இருந்தது. அக்டோபரில், அடிக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் கயிற்றை இழுப்பது அவராகவே இருக்கட்டும் என்று சபையார் கேட்டுக்கொண்டார்கள்.

விழா நடந்த ஞாயிறு காலை ஆலய முற்றத்தில் நல்ல கூட்டம். தெருமுனைப் பூஜைப் பந்தலில் தாக் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. ஆலயக் காவலாளி ஏழுமலை எனக்கு டீ கொண்டுவந்தார். வேலூர்க்காரர்; தமிழ் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டார்.

"இன்னிக்குத்தாம்மா எனக்கு உயிரே வந்துது. சார் திட்டுவாரேன்னு நாலு மாசமா பயந்து கெடந்தேன்."

"எதுக்கு?"

"அந்தக் கண்ணாடிய நாந்தான் ஒடைச்சிட்டேன். ஒட்டடக் குச்சி பட்டிருக்கும் போல. சார் வெச்சிட்டுப் போன கண்ணாடி டப்பாவுலேருந்தே ஒண்ண எடுத்து அச்சு அசலா ஒட்டிட்டேன். சாருக்கே தெரியலையே!" பெருமையாகச் சிரித்தார்.

"குச்சி பட்டதைப் பாத்தீங்களா?"

"பாக்கலம்மா. காலைல வந்தா ஒடஞ்சி கெடக்கும்."

"எத்தனை தடவை?"

"மூணு தடவ."

டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். இவர் மணிக்கூண்டுக்குள் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், அதுவரை கூப்பிட்டதில்லை. மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. கையை ஆட்டினேன். அவரும் சிரித்துக்கொண்டே ஆட்டினார். முதல் அடி. இரண்டாவது. மூன்றாவதில் சுண்ணாம்புத் தூள் அவர் தோளில் உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தார்.

மணிக்கூண்டு இடிந்து இவர் போன பிறகு விசாரணைக்கு வந்த பொறியாளர் என்னிடம், கண்ணாடி கடைசிவரை உடையவே இல்லையா என்று கேட்டார். ஏழுமலை எனக்காக நாற்காலி எடுத்துவந்து போட்டுக்கொண்டிருந்தார். தான் செய்தது என்னவென்று அவருக்கு இன்றும் தெரியாது.

"உடையலை," என்றேன்.

தவறு இவருடையதுதான் என்று எழுதிக்கொண்டு அந்தப் பொறியாளர் போனார்.