பங்காருவின் ரத்தத்தில் ஏறிய புளிப்பு

1946ஆம் வருஷத்து ஆடிக் கிருத்திகை. திருத்தணி மலையடிவாரத்தில் மோர் விற்றுக்கொண்டிருந்த எல்லம்மாளின் கண்ணெதிரே அவள் புருஷன் பங்காருவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காலையில் பக்தர்களை மலைக்குத் தூக்கிச்செல்லும் டோலி சுமக்கப் போனவன், அதே டோலியில் கிடந்தான். உதடு கருத்திருந்தது. நெஞ்சு துருத்திபோல் ஏறி இறங்கியது. சட்டையெல்லாம் வாந்தி.

“கோதண்டம், என்னாச்சுடா?”

கூட டோலி தூக்கும் கோதண்டம் பதில் சொல்வதற்குள் திருவிழா வைத்தியக் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கீற்றுத் தடுப்புக்கு அப்பால் டாக்டர் சத்தாரின் குரல் கேட்டது.

“லாக்டிக் அமிலம். ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறியிருக்கணும். மோர்ல புளிக்குதே, அதே அமிலம்தான்.”

காலையில் பங்காரு எல்லம்மாளின் கையால் இரண்டு செம்பு மோர் குடித்துவிட்டுத்தான் மலையேறினான். தயிர் சற்று அதிகமாகவே புளித்திருந்தது. தெரிந்துதான் கொடுத்தாள்.

ஓடிப்போய் மோர்ப்பானையைத் தூக்கிக் கல்லில் அடித்தாள். குவளையும் கையுமாக நின்ற ஜனங்கள் அலறி விலகினார்கள். தடுத்தவர்களைத் தள்ளிக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்து டாக்டரின் காலில் விழுந்தாள்.

“என்னைப் போலீசுல குடுத்துடுங்க சாமி! என் மோருதான் அவரைச் சாய்ச்சிடுச்சு!”

டாக்டர் திகைத்துப்போனார். “யாரும்மா அப்படிச் சொன்னது?”

“நீங்கதாங்க சொன்னீங்க!”

தடுப்புக்கு அப்பால் தான் சொன்னது அவள் காதில் விழுந்திருப்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. பிறகு அவளை எழுப்பி உட்காரவைத்தார்.

“மோரு வயித்துல செரிச்சுப் போயிடும்மா. இந்தப் புளிப்பு அவன் தொடைச் சதையிலேயே உண்டானது. பாரத்தோட நிக்காம ஏறினா சதைக்கு வேண்டிய மூச்சுக்காத்து போய்ச் சேராது. அப்போ காத்து இல்லாமலே சர்க்கரையை உடைச்சு வேலை செய்யும். அதுல இந்த அமிலம் வரும். படுத்து மூச்சு வாங்கினா ஈரல் அதைத் திரும்பச் சர்க்கரையாக்கிடும்.”

“மனுசன் உடம்பு தயிராட்டம் புளிக்குமாங்க?”

“உனக்கும் எனக்கும்கூட எப்பவும் கொஞ்சம் ஊறிக்கினுதான் இருக்கு. இவனுக்கு அளவு மீறிடுச்சு.” டாக்டர் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார். “எத்தனை பேர் தூக்கினீங்க?”

கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டான். “மூணு பேருங்க. நாலாவது ஆளு துரைக்கண்ணுக்குக் காய்ச்சல். பின்னாடி ரெண்டு ஆள் பாரத்தை இவன் ஒண்டியாத் தாங்கினான். அபிஷேகம் தவறிடும், எங்கயும் நிக்கக் கூடாதுன்னாரு டோலியில இருந்தவரு. அவரை மேல எறக்கி விட்டதும் இவன் சாஞ்சிட்டான்.”

முந்நூற்றுச் சொச்சம் படி. எல்லம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். மோர்தான் காரணமென்று நினைத்தபோதுகூட அவள் இப்படிப் பதறவில்லை.

அரைமணி நேரத்தில் பங்காருவின் மூச்சு தணிந்தது. கண்ணைத் திறந்தான். “காலு கல்லாட்டம் கீதுடி” என்றான். அவள் அழுதபடியே பிடித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து டோலியில் போனவரின் ஆள் ஒருவன் மேலிருந்து இறங்கி வந்தான். “ஐயா தரிசனம் முடிச்சிட்டுக் காத்துகினு கீறாரு. டோலி எங்க?”

கோதண்டம் பழக்கதோஷத்தில் எழுந்தான். எல்லம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

“நடந்து எறங்கி வரச்சொல்லு” என்றாள் வந்தவனிடம்.

பங்காரு அவளை வாய் பிளந்து பார்த்தான். அப்படி ஒரு குரலை அவள் தொண்டையிலிருந்து அவன் கேட்டதே இல்லை. வந்தவன் திரும்பிப் படியேறிப் போனான்.

துரைக்கண்ணுவின் காய்ச்சல் விட ஐந்து நாளாயிற்று. அதுவரை அந்த டோலி மலையேறவில்லை.